லண்டன் பட்டத்துக்காக வீட்டை அடமானம் வைக்கலாமா?

தென் மாவட்ட அரசு சட்டக் கல்லூரி ஒன்றில் ஐந்தாண்டுப் படிப்பை முடித்த 25 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டு ஆண்டுகளாக மதுரை உயர் நீதிமன்றக் கிளையில் சிவில் சீனியர் ஒருவரிடம் ஜூனியர். மாதம் 8,000 ரூபாய் கிடைக்கிறது. அப்பா கூட்டுறவுப் பண்டகசாலை ஊழியர், இரண்டு ஆண்டில் ஓய்வு பெறுகிறார். தம்பி பிளஸ் டூ படிக்கிறான். பள்ளியில் கூடப் படித்த தோழி ஒருத்தி தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தில் படித்து இன்று மும்பையில் பெரிய சட்ட நிறுவனமொன்றில் நல்ல சம்பளத்தில் இருக்கிறாள். இவரும் சென்னையில் ஒரு நிறுவனத்துக்கு நேர்காணலுக்குப் போயிருக்கிறார். எந்தக் கல்லூரி என்று கேட்டார்கள், சொன்னார். அதற்குப் பிறகு கேள்விகள் சுருங்கிவிட்டன. “சொல்லி அனுப்புகிறோம்” என்றவர்கள் சொல்லவே இல்லை.

இப்போது லண்டனில் பெயர்பெற்ற ஒரு பல்கலைக்கழகத்தில் ஓராண்டு எல்.எல்.எம். என்ற முதுநிலைச் சட்டப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. கல்விக் கட்டணம், தங்கும் செலவு எல்லாம் சேர்த்து 40 லட்சம். ஊரில் உள்ள வீட்டை அடமானம் வைத்தால் 11 சதவீத வட்டியில், 15 ஆண்டுத் தவணையில் தருவதாக வங்கி சொல்லியிருக்கிறது. தாத்தா கட்டிய வீடு, பட்டா அப்பா பெயருக்கு மாறியிருக்கிறது. அப்பாவுக்கு இரண்டு அக்காக்கள். இந்த மாதக் கடைசிக்குள் பல்கலைக்கழகத்துக்கு முன்பணம் கட்ட வேண்டும்.

அவர் கேட்பது: “என் கல்லூரிப் பெயரை அழிக்க எனக்கு வேறு வழி இருக்கிறதா? அங்கேயே இரண்டு வருடம் வேலை பார்த்துக் கடனை அடைத்துவிட முடியாதா? போகாவிட்டால் கடைசி வரை ஜூனியராகவே இருந்துவிடுவேனா?”

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த நேர்காணலில் நடந்தது உங்கள் கற்பனை இல்லை. கல்லூரிப் பெயரைக் கேட்டதும் முகம் மாறுகிறவர்கள் நம் தொழிலில் இருக்கிறார்கள். அது வலிக்கும். “திறமை இருந்தால் போதும்மா” என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால் அது பாதி உண்மைதான். ஆனால் அந்த ஒரு நாள் அனுபவத்தை வைத்து மொத்தத் தொழிலையும் அளக்கிறீர்கள், அந்த அளவை நம்பி வீட்டை அடமானம் வைக்கப் பார்க்கிறீர்கள். அங்கேதான் உங்களைக் கொஞ்சம் நிறுத்திப் பேச விரும்புகிறேன்.

கல்லூரிப் பெயர் எங்கே எடுபடும்

மும்பை, டெல்லி, பெங்களூரு நகரங்களின் பெரிய கார்ப்பரேட் சட்ட நிறுவனங்களில் எடுபடும். 1988இல் பெங்களூரு தேசியச் சட்டப் பள்ளியில் முதல் அணி சேர்ந்தது, 2008இல் தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட் பொது நுழைவுத் தேர்வு வந்தது. அந்த நிறுவனங்கள் புதியவர்களை எடுக்கும் வழி பெரும்பாலும் சில தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களின் வளாகத் தேர்வுதான். உங்கள் தோழி நுழைந்த கதவு அதுதான். அந்தக் கதவு படிப்பின் நான்காம், ஐந்தாம் ஆண்டில் திறந்து மூடிவிடுகிறது. எல்.எல்.எம். முடித்துவிட்டு வந்து அதே கதவைத் தட்டினால் அதே மாதிரி திறக்கும் என்று எண்ண வேண்டாம். எல்.எல்.எம். ஆண்டைப் பணி அனுபவமாகக் கணக்கிடாத நிறுவனங்களே அதிகம். அவர்கள் பார்ப்பது எல்.எல்.பி. என்ற முதல் சட்டப் பட்டத்தையும் நீங்கள் செய்த வேலையையும்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் தோழிக்குக் கிடைத்தது பெயர் மட்டும் இல்லை. ஐந்து ஆண்டு ஆங்கிலத்தில் எழுதிப் பழகினாள். விடுமுறைக்கு விடுமுறை இன்டர்ன்ஷிப் போனாள். ஒவ்வொரு நிறுவனத்திலும் அவளுக்கு முன்னால் படித்த அண்ணனோ அக்காவோ ஒருவர் இருந்தார். இதற்கெல்லாம் பின்னால் கட்டணம் கட்ட முடிந்த ஒரு குடும்பம் இருந்தது. கிளாட் தேர்வே ஆங்கிலத்தில் மட்டும்தான் நடக்கிறது. “நல்ல கல்லூரி” என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இவைதான். இவற்றில் எழுத்துப் பயிற்சியையும் தொடர்புகளையும் இப்போது தொடங்கியும் சம்பாதிக்கலாம், கஷ்டப்பட்டுத்தான் என்றாலும்.

நீதிமன்றத்துக்கு வருவோம். 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டம் கல்லூரிக்குக் கல்லூரி வேறுபாடு பார்ப்பதில்லை. மூத்த வழக்கறிஞர் தகுதி தரும் அதன் 16ஆம் பிரிவு பார்ப்பது திறமை, பாரில், அதாவது சக வழக்கறிஞர்களிடையே, உள்ள மதிப்பு, சட்டத்தில் தனித்த அறிவு ஆகியவற்றை. உரிமையியல் நீதிபதித் தேர்வில் விடைத்தாளில் உங்கள் எண் இருக்கும், கல்லூரிப் பெயர் இருக்காது. உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்த ஆர். பானுமதி 1981இல் வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டு தொழில் செய்தது திருப்பத்தூர், கிருஷ்ணகிரி, அரூர் நீதிமன்றங்களில். அங்கிருந்து 1988இல் நேரடித் தேர்வில் மாவட்ட நீதிபதி ஆனார், 2014இல் உச்ச நீதிமன்றம் போனார். ஈரோடு மாவட்டக் கிராமத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்து, சென்னை அரசு சட்டக் கல்லூரியில் படித்த பி. சதாசிவம் 2013இல் இந்தியத் தலைமை நீதிபதி ஆனார். இருவரையும் காட்டி எல்லோரும் இப்படி ஆகலாம் என்று சொல்ல மாட்டேன், அப்படிச் சொல்வது உங்களை ஏமாற்றுவது. கல்லூரிப் பெயர் வழியை அடைக்கவில்லை, அவ்வளவைத்தான் இவர்கள் காட்டுகிறார்கள்.

வழியை அடைப்பது வேறு. அப்பாவின் சேம்பர் (வழக்கறிஞர் அலுவலகம்), அப்பாவிடம் வழக்குக் கொடுக்கும் கட்சிக்காரர்கள், சாதித் தொடர்பு, மாலை ஏழு மணிக்கு மேல் சேம்பரில் உட்கார முடிகிற வசதி. முதல் தலைமுறைப் பெண் வழக்கறிஞருக்கு மதுரையில் இவைதான் பெரிய தடை. இது அநியாயம், இதை மாற்ற வேண்டியது எங்களைப் போன்ற மூத்தவர்களின் பொறுப்பு. ஆனால் இந்தத் தடைகளில் ஒன்றைக்கூட லண்டன் பட்டம் நீக்காது. திரும்பி வந்தால் அதே பார், அதே சேம்பர், கூடுதலாக ஒரு கடன்.

அங்கேயே சம்பாதித்து அடைக்கலாம் என்ற நம்பிக்கை

இதுதான் உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகம் கவலை தந்த வரி. இங்கிலாந்தில் எல்.எல்.எம். பட்டம் அங்கே வழக்கறிஞராகத் தொழில் செய்யும் உரிமையைத் தருவதில்லை. சொலிசிட்டர் என்ற வகை வழக்கறிஞர் ஆக வேண்டுமென்றால் எஸ்.க்யூ.இ. என்ற இரண்டு கட்டத் தேர்வை எழுத வேண்டும். தேர்வுக் கட்டணம் மட்டுமே கிட்டத்தட்ட 5,000 பவுண்டு, பயிற்சி வகுப்புச் செலவு தனி. பெரிய நிறுவனங்கள் பயிற்சி இடங்களுக்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டு முன்கூட்டியே ஆள் எடுத்துவிடுகின்றன. நீங்கள் செப்டம்பரில் போய் இறங்கி, அடுத்த செப்டம்பரில் படிப்பு முடித்து, உடனே சேர்வதற்கு இடம் காலியாக இருப்பது அரிது.

விசாவும் இறுகிக்கொண்டிருக்கிறது. படிப்பு முடித்தவர்களுக்கான கிராஜுவேட் விசா இரண்டு ஆண்டாக இருந்தது. 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அதை 18 மாதமாகக் குறைத்திருக்கிறார்கள். அதற்கு மேல் தங்க ஸ்கில்டு ஒர்க்கர் விசா வேண்டும். அதற்கான பொதுச் சம்பள வரம்பு 2025 ஜூலையில் ஆண்டுக்கு 41,700 பவுண்டாக உயர்ந்தது. அந்தச் சம்பளம் கொடுத்து, ஸ்பான்சரும் செய்ய ஒரு நிறுவனம் முன்வர வேண்டும். சிலருக்கு அமைகிறது. அமையாதவர்கள் கடையிலும் கிடங்கிலும் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறார்கள், அவர்கள் அதை வெளியே சொல்வதில்லை. விளம்பரத்தில் வருவது முதல் வகையினர்தான்.

எல்.எல்.எம். வீண் என்று நான் சொல்லவில்லை. பன்னாட்டு நடுவர் தீர்ப்பு, போட்டிச் சட்டம், பன்னாட்டு வரிச் சட்டம், மனித உரிமை, ஆசிரியப் பணி என்று ஒரு துறையில் ஏற்கெனவே கால் வைத்தவருக்கு அது நல்ல படிப்பு. (ஆசிரியப் பணி என்றாலும், வெளிநாட்டு ஓராண்டுப் பட்டத்தை இங்கே தானாகவே ஏற்றுக்கொள்வதில்லை, அதை விசாரித்துக்கொள்ள வேண்டும்.) உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பல்கலைக்கழகத்தின் பெயர் பலமுறை வருகிறது. அங்கே எந்தப் பாடம் படிக்கப் போகிறீர்கள் என்பது ஓரிடத்திலும் இல்லை. 40 லட்சம் பெயருக்காகவா, படிப்புக்காகவா என்று நீங்களே உங்களைக் கேட்டுப் பாருங்கள்.

கடனின் கணக்கு

வங்கி “தருகிறோம்” என்பதை நல்ல முதலீடு என்பதற்கான சான்றாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். வங்கி பார்த்தது வீட்டின் மதிப்பை. உங்கள் எதிர்காலச் சம்பளத்துக்கு அது எந்த உறுதியும் சொல்லவில்லை.

40 லட்சம், 11 சதவீதம். படிக்கும் ஓராண்டும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை என்றாலும் வட்டி ஓடும். தனிவட்டி என்றே வைத்துக்கொண்டாலும் இரண்டு ஆண்டில் 8.8 லட்சம். தவணை தொடங்கும்போது கடன் 48.8 லட்சமாக இருக்கும். 15 ஆண்டுக்கு மாதத் தவணை ஏறக்குறைய 55,500 ரூபாய். பத்து ஆண்டில் முடிக்க நினைத்தால் 67,000 தாண்டும். 15 ஆண்டில் நீங்கள் கட்டும் மொத்தம் கிட்டத்தட்ட ஒரு கோடி. இதை உங்கள் 8,000த்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அப்பா ஓய்வு பெறும் நேரமும் முதல் தவணை வரும் நேரமும் ஒன்றாகவே வரும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். தம்பி அப்போது கல்லூரியில் இருப்பான்.

கடன் ஒருவரின் தொழிலை எப்படித் தீர்மானிக்கிறது என்பதை இத்தனை ஆண்டில் பல ஜூனியர்களிடம் பார்த்திருக்கிறேன். வழக்கு நடத்தும் தொழிலில் முதல் ஐந்தாறு ஆண்டு வருமானம் குறைவு, கற்றல் அதிகம். அந்த ஆண்டுகளைத் தாக்குப்பிடித்தவர்கள்தான் பின்னால் நிற்கிறார்கள். மாதம் 55,000 கட்ட வேண்டியவரால் அப்படிக் காத்திருக்க முடியாது. பிடிக்காத வேலையை விட முடியாது, மோசமான கட்சிக்காரரைத் திருப்பி அனுப்ப முடியாது, நீதிபதித் தேர்வுக்கு ஆறு மாதம் ஒதுங்கிப் படிக்க முடியாது. உங்களை மதிக்காத ஒரு நிறுவனத்தில் சேர்ந்தாலும் அங்கேயே கிடக்க வேண்டியிருக்கும். உங்கள் கல்லூரிப் பெயர் இதுவரை உங்களிடமிருந்து ஒரு நேர்காணலைப் பறித்திருக்கிறது. இந்தக் கடன் பறிக்கக்கூடியது அதைவிடப் பெரிது.

சட்டப்பூர்வ ஆபத்துகளை உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனாலும் சொந்த வீட்டு விஷயத்தில் வழக்கறிஞர்களுக்கும் கண் மறைத்துவிடும். அப்பா இணைக் கடனாளி. கடன் உங்களுடையது மட்டும் என்று எழுதியிருக்கிறீர்கள், அது சரியில்லை. வங்கி அவரிடமும் முழுத் தொகையையும் கேட்கலாம். தவணை 90 நாள் தவறினால் வாராக்கடன். அடமானச் சொத்தை வைத்து வங்கி கடனை வசூலிக்க வழிசெய்யும் சர்ஃபேசி சட்டத்தின் 13(2) பிரிவில் 60 நாள் நோட்டீஸ், அதற்குப் பிறகு 13(4) பிரிவில் உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகாமலே வீட்டைக் கையகப்படுத்தும் நடவடிக்கை. விவசாய நிலத்துக்கு அந்தச் சட்டம் தரும் விலக்கு வீட்டுக்கு இல்லை.

அப்புறம் அந்தப் பட்டா. பட்டா மட்டுமே உரிமைமூலம் (சொத்து யாருடையது என்பதற்கான ஆதாரம்) ஆகாது என்று நீங்களே எத்தனை பிராதில் எழுதியிருப்பீர்கள். தாத்தா உயில் எழுதாமல் இறந்திருந்தால் அத்தைகள் இருவருக்கும் அந்த வீட்டில் பங்கு உண்டு. அவர்கள் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்துப் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் கொடுத்திருக்கிறார்களா? இல்லையென்றால் முழு வீட்டையும் அடமானம் வைக்க அப்பாவுக்கு உரிமை இல்லை. வங்கியின் வழக்கறிஞர் கவனிக்காமல் விட்டாலும் நாளைக்கு அது பாகப்பிரிவினை வழக்காக உங்கள் வீட்டு வாசலுக்கே வரும். அத்தைகளிடம் இன்னும் சொல்லவே இல்லை என்று எழுதியிருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

வட்டி மானியம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2024 நவம்பரில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்த பி.எம். வித்யாலக்ஷ்மி திட்டம் இந்தியாவில் உள்ள தேர்ந்தெடுத்த கல்வி நிறுவனங்களில் படிப்பவர்களுக்குத்தான். லண்டன் படிப்புக்குப் பொருந்தாது. வருமான வரியில் கல்விக் கடன் வட்டிக்கான கழிவு பழைய வரி முறையில் மட்டும் உண்டு, அதுவும் வரி கட்டும் அளவுக்கு வருமானம் இருந்தால்தான்.

இப்போது என்ன செய்யலாம்

முதலில் உங்கள் சீனியரிடம் பேசுங்கள். 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், சென்னை, மதுரை, கோவையில் ஜூனியர்களுக்கு மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்சம் தர வேண்டும் என்று ஓர் உத்தரவில் சொன்னது. அதே ஆண்டு அக்டோபரில் இந்திய பார் கவுன்சிலும் நகரங்களுக்கு 20,000, கிராமப்புறங்களுக்கு 15,000 என்று சுற்றறிக்கை அனுப்பியது. பார் கவுன்சிலுடையது பரிந்துரைதான், அதைக் காட்டி மிரட்ட முடியாது. ஆனால் கூச்சப்படாமல் கேட்க ஓர் ஆதாரம் இருக்கிறது. பணத்தோடு வேலையையும் கேளுங்கள்: வக்காலத்தில் உங்கள் பெயர், இடைக்கால மனுக்களில் வாதிட வாய்ப்பு, மேல்முறையீட்டு மனுக்களை நீங்களே எழுதும் பொறுப்பு. இரண்டு ஆண்டாக வாய்தா வாங்குவதும் கட்டு தூக்குவதும் மட்டும்தான் என்றால், மாற்ற வேண்டியது சீனியரை. அதற்கு லண்டன் போக வேண்டாம்.

அடுத்து, உங்கள் இரண்டு ஆண்டு அனுபவம் வீண் இல்லை. உரிமையியல் நீதிபதிப் பதவிக்கு மூன்று ஆண்டுத் தொழில் அனுபவம் வேண்டும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது, பார் கவுன்சிலில் தற்காலிகப் பதிவு செய்த நாளிலிருந்தே அது கணக்கில் வரும் என்றும் சொன்னது. நீங்கள் இன்னும் ஓராண்டு தூரத்தில் இருக்கிறீர்கள். வெளிநாட்டில் படிக்கும் காலம் இதில் சேரும் என்று நம்பிப் போகாதீர்கள். நீதிபதிகளிடம் சட்ட எழுத்தராக (லா கிளார்க்) பணியாற்றும் காலத்தை அந்தத் தீர்ப்பு அனுபவமாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. உச்ச நீதிமன்றம் இந்தப் பணிக்கு எழுத்துத் தேர்வு வைத்துத்தான் ஆள் எடுக்கிறது. 2024 அறிவிப்பில் மாத ஊதியம் 80,000 ரூபாய். நீங்கள் தேடும் “பெயர்” இதில் இருக்கிறது, அதற்குக் கடன் வேண்டாம். குற்றவியலில் ஆர்வம் இருந்தால் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் சட்ட உதவிப் பாதுகாப்பு வழக்கறிஞர் அமைப்பையும் பாருங்கள். உதவியாளர் நிலைக்கு மூன்று ஆண்டு வரை அனுபவம் உள்ளவர்களை எடுக்கிறார்கள். முழுநேரப் பணி என்பதால் தனியாக வழக்குகள் எடுக்க முடியாது.

லண்டன் ஆசையை விட வேண்டாம். கடனில் போகும் வழியை மட்டும் விடுங்கள். பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகை கட்டணம், தங்குமிடம், விமானம் எல்லாவற்றையும் ஏற்கிறது. இரண்டு ஆண்டுப் பணி அனுபவம், அதாவது 2,800 மணி நேரம் கேட்கிறார்கள், உங்களுக்கு அது இருக்கிறது. படிப்பு முடிந்ததும் ஊர் திரும்பி இரண்டு ஆண்டு இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. வழக்கமாக ஆகஸ்டில் விண்ணப்பம் திறந்து அக்டோபரில் மூடுவார்கள். போட்டி கடுமை. ஆனால் முதல் தலைமுறைப் பெண், மாவட்டத்தில் படித்தவர், உயர் நீதிமன்றத்தில் வழக்கு நடத்துபவர் என்ற உங்கள் கதை அந்த விண்ணப்பத்தில் பலமாக நிற்கும். நீங்கள் ஆதிதிராவிடர் அல்லது பழங்குடி வகுப்பைச் சேர்ந்தவராக இருந்தால், தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வி உதவித்தொகைத் திட்டத்தில் ஆண்டுக்கு 36 லட்சம் வரை கிடைக்கும். உங்கள் பாடப்பிரிவும் குடும்ப வருமானமும் பொருந்துகின்றனவா என்று ஆதிதிராவிடர் நலத் துறையில் கேளுங்கள்.

மாதக் கடைசிக்கு இன்னும் நாள் இருக்கிறது. முன்பணம் கட்டுவதற்கு முன் பல்கலைக்கழகத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுதி, இடத்தை அடுத்த கல்வியாண்டுக்கு ஒத்திவைக்க முடியுமா, கட்டிய பணம் எந்தச் சூழ்நிலையில் திரும்பக் கிடைக்கும் என்ற இரண்டையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பல பல்கலைக்கழகங்கள் ஓராண்டு ஒத்திவைக்கின்றன. மறுத்துவிட்டால், இந்த இடம் போகட்டும். ஒருமுறை இடம் வாங்கியவருக்கு மறுமுறையும் கிடைக்க வாய்ப்பு உண்டு. மேலே போட்ட கணக்கை ஒரு தாளில் எழுதி அப்பாவிடம் கொடுங்கள். “பிள்ளைக்காக” என்று யோசிக்காமல் கையெழுத்துப் போட்டுவிடும் அப்பாவாகத்தான் அவர் உங்கள் கடிதத்தில் தெரிகிறார். அந்த 55,500 என்ற எண்ணை அவர் பார்த்த பிறகு பேசுங்கள். பல்கலைக்கழகம் என்ன பதில் சொன்னது, சீனியர் என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள். செவனிங் விண்ணப்பத்துக்கான கட்டுரைகளை எழுதி முடித்தால் அனுப்புங்கள், படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.